பத்து மணிக்கு வருகிறோம்

“இனிமே ஒரு நிர்வாகத்துக்காரனும் இதுக்குள்ள மூக்கை நுழைக்க முடியாது” என்று மடிக்கணினியைத் தட்டினாள் எறும்பு. கடித்தால் விடமாட்டாள் என்பதால் விடுதியில் அவளுக்கு வைத்த பெயர் அது.

பல் துலக்கிக்கொண்டிருந்த அறைத்தோழி ஜன்னல் வழியே துப்பினாள். பிரஷ்ஷில் மறுபடியும் எலி மயிர்.

விடுதித் தண்ணீர்த் தொட்டியில் எலி செத்து ஊறி ஒரு வாரம். பதினொரு பெண்களுக்கு வாந்தி. பல்கலைக்கழகம் நடத்தும் மாணவர் குழுவில் குழாயில் வந்த எலி மயிரின் படத்தைப் போட்டாள் எறும்பு. ஐந்தே நிமிடத்தில் படம் காணாமல் போனது, வார்டன் அம்மா நேரில் வந்து நின்றாள்.

“முடி உன்னோடதாத்தான் இருக்கும். இன்னொரு தடவை வாயைத் திறந்தே, பெட்டி படுக்கை தெருவுல கிடக்கும். படிப்பும் அதோட சரி.”

அதனால்தான் இந்தத் தனித் தளம். யாரோ ஒரு புண்ணியவான் ஓசியில் விட்டிருந்த மென்பொருளை வைத்து எறும்பே கட்டியது. எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உளவாளி புகாமலிருக்க வாசலில் ஒரு கேள்வி வைத்தாள்: ‘விடுதி இரண்டாம் மாடியில் ஒழுங்காகத் தண்ணீர் வரும் குழாய் எது?’ ‘ஒன்றுகூட இல்லை’ என்று எழுதினால்தான் கதவு திறக்கும்.

“ஆபீஸ்காரன் செத்தாலும் இதை ஒத்துக்க மாட்டான்டி.”

எல்லாரும் இடம் மாறிவரத் தளத்தின் முகவரியைப் பழைய குழுவிலேயே போட்டாள். அது மட்டும் அழியாமல் அப்படியே கிடந்தது.

பத்து நாளில் இருபத்தேழு பேர் சேர்ந்தார்கள். ஒருவர்கூடக் கேள்வியில் தவறவில்லை.

“நீ எப்போ சேரப்போறே?” என்று அறைத்தோழியைக் கேட்டாள்.

“எனக்கெதுக்கு வம்பு? பழைய குழுவுலதான் பரீட்சைக் கேள்வி கசியுதாம். நம்ம மாடிக்காரிங்க எல்லாம் அங்கேயே ஒட்டிக்கிட்டு இருக்காளுங்க.”

“வெட்கமா இல்ல? எலித் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே கேள்வித்தாள் தேடுறீங்க!”

“அதை விடு. உன் லேப்டாப்பைத் தினம் பார்க்கிறேனே, உன் ஆளுங்க தளத்துக்குக் காலையில பத்து மணிக்கு வர்றாங்க, சாயங்காலம் அஞ்சு அடிச்சா ஒருத்தரும் இல்லை. ஞாயித்துக்கிழமை ஈ காக்கா கிடையாது. கவனிச்சியா?”

“வகுப்புல உட்கார்ந்து ஒளிச்சு ஒளிச்சு எழுதுறாங்கடி. உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளியா?”

அன்று பகலில் எறும்பு தளத்தில் எழுதினாள்: ‘தொட்டித் தண்ணீரை வெளியே ஆய்வகத்தில் கொடுத்திருந்தேன், சோதனை அறிக்கை வந்துவிட்டது. நாளை காலை பத்து மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்கப்போகிறேன். தனியாக நின்றால் என்னை விடுதியை விட்டே துரத்துவார்கள். கூட்டமாக நின்றால் கைவைக்க முடியாது. யார் வருவீர்கள்?’

‘உயிரே போனாலும் வருவேன்’ என்றது ‘கருஞ்சிறுத்தை’.

‘அறிக்கையின் நகல் எத்தனை உள்ளது என்று தெரிவிக்கவும்’ என்றது ‘புயல்’.

‘நகல் எடுக்கவில்லை. அசல்தான் இருக்கிறது.’

‘மிக நன்று. அசலையே கொண்டுவரவும்.’

பிறகு ஒவ்வொருவராக எழுதினார்கள்: ‘பத்து மணிக்கு வருகிறோம்.’ இருபத்தேழு பேரும் எழுதினார்கள். எறும்புக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பத்து மணி. பதிவாளர் அலுவலகக் கூட்ட அறையின் வாசலில் எறும்பு மட்டும் நின்றாள். சுவரெல்லாம் கையழுக்கு, கழிப்பறை நாற்றம். மூலையில் மட்டும் சீல் பிரிக்காத தண்ணீர் கேன்கள் பளபளவென்று அடுக்கியிருந்தன.

பத்தே கால். பத்தரை. அறைத்தோழியைப் போனில் கூப்பிட்டாள்.

“எனக்கு வயித்துவலிடி” என்று அவள் வைத்துவிட்டாள்.

‘தூ! இதுங்களும் ஒரு ஜென்மமா?’ வராத இருபத்தேழு பேரையும் மனதாரத் திட்டினாள். கையிலிருந்த உறை வியர்வையில் நனைந்து நசநசத்தது.

ப்யூன் பெரிய தட்டு நிறைய டீயோடு வந்தான்.

“யாருக்கும்மா காத்திருக்கே?”

“என்கூட நிக்கிறேன்னு இருபத்தேழு பேர் சொன்னாங்கண்ணே. ஒருத்தர்கூட வரலை.”

ப்யூன் முதுகால் கதவைத் தள்ளினான். உள்ளே வார்டன் அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“யாரு சொன்னா? இருபத்தேழு பேரும் ஒன்பதரைக்கே வந்து உள்ளதான் உட்கார்ந்திருக்காங்க!”