சீட்டில் போட்ட துண்டு

அந்த லேப்டாப்பில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: பழைய பெரியவர் ஒன்று, புதிதாக வந்தவன் ஒன்று. உட்கார ஒரே சீட். யாரை முதலில் உள்ளே விடுவது என்பது, லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் விழிக்கும் வாட்ச்மேன் பயாஸின் முடிவு. அவரைக் கூப்பிடும் வேலை எஃப்-டூ பட்டனுக்கு.

கொஞ்ச நாளாக அது தொண்டை கிழியக் கத்தியும் வாட்ச்மேன் திரும்பவில்லை. குத்திக் குத்தி விரல் வலித்த உரிமையாளர், "இந்த பட்டன் போச்சு, கீபோர்டையே மாத்தணும்" என்றார். "நான் சரியாத்தானே கத்தறேன்" என்று எஃப்-டூ புலம்பியது.

"உங்க மேல தப்பில்லக்கா," என்றான் புதியவன். "பெரியவர் ஷட் டவுன் ஆகும்போது, அடுத்த தடவை சட்டுன்னு வந்து உட்காரணும்னு சீட்டுல துண்டு போட்டுட்டுப் போறாரு. துண்டைப் பார்த்தா வாட்ச்மேன் யாரையும் விசாரிக்கிறதில்ல, நேரா அவரையே உள்ள விட்டுடறாரு."

மறுநாள் உரிமையாளர் ரீஸ்டார்ட் கொடுத்தார். "இதோ வந்துடப் போறோம், துண்டு எதுக்கு?" என்று பெரியவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

சீட் காலி. எஃப்-டூ ஒரு குரல்தான் கொடுத்தது. வாட்ச்மேன் திரும்பினார், உரிமையாளர் சொன்னபடி புதியவனை முதலில் விட்டார். எஃப்-டூவுக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் ஷட் டவுன் நேரம். சாய்ந்து உட்கார்ந்திருந்த புதியவன் மனமில்லாமல் எழுந்தான். பெரியவர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான்:

"அண்ணே, அந்தத் துண்டைக் கொஞ்சம் குடுங்களேன்."