வெள்ளி வண்ணம் பூசிய என்ஜின்

கண்ணுள்ளோரே, ஏமனின் இந்த மலைச்சாலைக்கு வாருங்கள்! பட்டப்பகலில் ஒரு மனிதன் வஞ்சிக்கப்பட்ட கோலத்தைக் காணுங்கள்! முஸ்இதின் தண்ணீர் லாரி பட்டறைக் குழியின்மேல் நிற்கிறது. மேலேயுள்ள ஊருக்கு இது கொண்டுபோவதைத் தவிர வேறு தண்ணீர் இல்லை. பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிப் புதிதாக மாற்றிய என்ஜின் வெள்ளி வண்ணத்தில் பளபளக்கிறது. ஆனால் ஏற்றம் வந்தாலே கியர் தானாகக் கழன்றுவிடுகிறது. மெக்கானிக் நஷ்வான் கியர்பாக்ஸை இறக்கி வைத்திருக்கிறார். தட்டில் வடித்த எண்ணெயில் இரும்புத்தூள் மின்னுகிறது. கன்னத்தில் கிறக்கம் தரும் காத் இலையை அடக்கியபடி, என்ஜினின் பின்துளைக்குள் அவர் விரலை விடுகிறார். விரல் எதிலும் முட்டவில்லை.

"அண்ணே, இங்க ஒரு பேரிங் இருக்கணும். கியர்பாக்ஸ் தண்டோட முனை அதுலதான் உக்காரும். இது ஆட்டோமேட்டிக் கியர் பஸ்ஸோட என்ஜின், அதுக்கு அந்த பேரிங்கே கிடையாது. தண்டு ஆடி ஆடி, பல்லையெல்லாம் தின்னுடுச்சு."

"இப்பப் போட்டா சரியாயிடுமா?"

"கியர்பாக்ஸே போச்சு. இந்தக் கிழட்டு வண்டிக்கு இன்னொன்ன எங்க போய்த் தேட?"

"பொருந்தும்னு வித்தவன் அல்லா மேல சத்தியம் பண்ணானேடா!"

"பொருந்திருச்சே! ஓடும்னு பண்ணானா? பூச்சப் பாத்து மயங்கிட்டியேண்ணே."

முஸ்இத் சிரிக்கவில்லை. ஊரிலிருந்து தொலைபேசி அழைக்கிறது, அவர் எடுக்கவில்லை. தேய்ந்த தண்டைத் தோள்துண்டில் சுற்றிக்கொண்டு, விற்றவனின் கடையை நோக்கி இறங்குகிறார். தனியே வருபவனைக் கண்டால் அந்தக் கடை சிரிக்கும். வண்டியோட்டும் தோழர்களே, அவரைத் தனியே அனுப்பாதீர்கள்! எழுந்து உடன் நடங்கள்!