சும்மா திரும்பாத கேன்

உப்பளத்து வரப்பில் காலை வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. மருத்துவ ஆராய்ச்சி மையத்து நர்ஸ் ரேணுகா, உப்பளத்தில் வேலை செய்யும் ஞானாம்பாள் நீட்டும் வெள்ளைக் கேனை இரு கைகளாலும் வாங்குகிறாள். கை சட்டென்று தாழ்கிறது. உப்பளத்தில் உழைப்பவர்களின் உடம்பிலிருந்து எவ்வளவு உப்பு வெளியேறுகிறது என்று பார்க்க, ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் பிடித்துத் தரச் சொல்லி நேற்று கொடுத்த கேன் அது. மூடியைத் திறக்கிறாள். கழுத்துவரை உப்பு, மல்லிகைபோல வெளுத்த புது உப்பு.

“பிடிச்சுதான் வெச்சேன் கண்ணு. அதைப் போயி உன் கையில குடுக்கக் கூச்சமா இருந்துச்சு. கொட்டிட்டு, சோப்பு போட்டுக் கழுவிட்டேன். வாங்கின பாத்திரத்தைச் சும்மா குடுக்கக்கூடாதுல்ல? நீயும் உப்புதான பாக்கணும்னு சொன்ன!”

வேன் டிரைவர் மரியதாஸ் ஸ்டியரிங்கில் முகம் புதைத்துக் குலுங்குகிறார்; ஹாரன் அலறுகிறது. பின்னால் நிற்கும் பெண்கள் தங்கள் கேன்களை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். ஞானாம்பாளின் முகம் சுருங்குகிறது. இப்போது தானும் சிரித்துவிட்டால் இவர்களில் ஒருத்திகூட இனி வரமாட்டாள் என்பது ரேணுகாவுக்குத் தெரிகிறது. உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். சோப்பு என்ற ஒரே சொல்லை நம்பி, கடவுள்மேல் பாரத்தைப் போட்டு, ஒரு சிட்டிகையை எடுத்து நாக்கில் வைக்கிறாள்.

“நல்ல உப்புக்கா. எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்” என்று சொல்லிப் புதுக் கேன் ஒன்றை நீட்டுகிறாள். ஞானாம்பாள் வாங்கத் தயங்குகிறாள்.

“இதை மட்டும் எப்பிடிம்மா சும்மா திருப்பிக் குடுக்கிறது?”

“நெறச்சுத்தானேக்கா குடுக்கப் போறீங்க? அப்புறம் அது எப்பிடிச் சும்மா ஆவும்?”

ஞானாம்பாள்தான் முதலில் சிரிக்கிறாள். பிறகு வரப்பே சிரிக்கிறது. முந்தானைகளுக்குள்ளிருந்து கேன்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.