ஹரிதாவுக்கு வராத கணக்கு

"நல்ல தெலிவிடி உனக்கு, பலே கெட்டிக்காரி. சுலபமானதை நீ எடுத்துக்கினு, ப்ராபபிலிட்டியை மஞ்சு தலையில கட்டிட்டியே."

நகரியிலிருந்து திருப்பதி போகும் காலை ரயிலில் ஸ்ரீதேவி குத்தலாகச் சொன்னாள். ஹரிதா காதில் வாங்காமல் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அப்ளைடு மேத்ஸ் ப்ரீ-ஃபைனல். எல்லாப் பாடத்தையும் படிக்க நேரமில்லை. ஆளுக்கு ஒரு பாடம் படித்து, ரயிலில் மற்ற இருவருக்கும் சொல்லித் தருவது என்று மூவரும் முடிவு செய்திருந்தார்கள். ஸ்ரீதேவிக்கு வட்டிக் கணக்கு. வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் ஹரிதா எடுத்துக்கொண்டதோ, இருப்பதிலேயே லேசான இன்டெக்ஸ் நம்பர்.

மஞ்சுவின் முகம் வாடிவிட்டது.

"நான் போன டெஸ்டுலயே ஃபெயிலுடி. இந்தத் தபாவும் போச்சின்னா, படிச்சது போதும், தறிக்கு வான்னு நைனா சொல்லிட்டாரு. எனக்கு லேசா எதுனா குடேன்."

"ப்ராபபிலிட்டி என் மண்டையில ஏறல மஞ்சு. நீ படிச்சி சொன்னாதான் நான் எழுத முடியும். உன்னைத்தான் நம்பிக்கினு இருக்கேன்."

மறுநாளிலிருந்து ரயில் ஏறியதும் மஞ்சு பாடம் எடுத்தாள். ஹரிதா விடுவதாக இல்லை.

"எடுத்த பந்தைத் திருப்பிப் பையில போடலன்னா?"

"பையில ஒண்ணு கம்மியாவுதில்ல? அப்போ கீழ இருக்கிற நம்பரும் குறையும்."

"புரியல. இன்னொரு தபா சொல்லு."

மஞ்சு சொன்னாள். ரேணிகுண்டா வந்தும் ஹரிதாவுக்குப் புரியவில்லை.

"உனக்குப் போய் ஃபர்ஸ்ட் ரேங்க் குடுத்தாங்களே," ஸ்ரீதேவி தலையில் அடித்துக்கொண்டாள். "பாவம், இவளுக்குத் தொண்டையே கட்டிப்போச்சு."

பரீட்சை முடிந்தது. வராந்தாவில் மஞ்சுவைச் சுற்றி ஒரே கூட்டம். ப்ராபபிலிட்டி கணக்குகளை அவள்தான் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் வந்த கணக்கு சார் பாலசுந்தரம், ஹரிதாவின் அருகில் நின்றார்.

"மஞ்சு பேப்பரைப் புரட்டிப் பார்த்தேன்மா. பாஸாயிடுவா. ப்ராபபிலிட்டியை உனக்கே அவதான் சொல்லிக் குடுத்தாளாமே? போன டெஸ்டுல ப்ராபபிலிட்டி கணக்குக்கு உன் பேப்பரை வெச்சிக்கினுதானே நான் மத்தவங்களுதைத் திருத்தினேன்?"

சிரித்தபடி போய்விட்டார்.

ஸ்ரீதேவி ஹரிதாவைத் தூணோரமாக இழுத்தாள். பிறகு மெல்ல, "அடிப்பாவி, அப்போ உனக்கு அது..." என்று ஆரம்பித்தாள்.

"மஞ்சு காதுல விழப் போவுது, சும்மா இரு," என்றாள் ஹரிதா. "திங்கக்கிழமை அக்கவுண்டன்சி இருக்குது. அதுவும் எனக்கு வராது."