நான்காக மடித்த கைக்குட்டை

கெய்ரோவில், ஷுப்ரா திரையரங்கின் மூன்று மணிக் காட்சி. ஒளிக்கற்றையில் சிகரெட் புகை நீலமாக மிதக்கிறது. திரையில் பெரும்பணக்காரப் பிரபுவான ஒரு பாஷா, தன் மகளைக் காதலித்த குதிரை லாயக்காரனைச் சாட்டையால் அடித்துத் துரத்துகிறார். பெண்கள் பக்கம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். எல்லோரையும்விட உரக்க அழுகிறவள் இன்ஸாஃப். "அடப்பாவி! ஏழைன்னா மனுஷன் இல்லையாடா? நீ நாசமாப் போக!" என்று அவள் கத்தும்போது, மடியிலிருந்து அவள் கொறித்துப் போட்ட தர்பூசணி விதைத் தோல்கள் சிதறுகின்றன. பக்கத்தில் மகள் ராவியா திரையைப் பார்க்காமல் அந்தத் தோல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முந்தாநாள் தெருமுனை இஸ்திரிக் கடை ஃபத்ஹி, கோட்டு மாட்டிக்கொண்டு, கேக் பெட்டியோடு அவளைப் பெண் கேட்டு வந்தான். "வாயில தண்ணி வச்சுத் துணியில துப்பித் தேய்க்கிறவனுக்கா என் பொண்ணு?" என்று இதே குரலில்தான் அம்மா வாசலில் நின்று கத்தினாள். இப்போது இன்ஸாஃப் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுக்கிறாள். போன வாரம் ஃபத்ஹி தேய்த்துக் கொடுத்தது; நான்காக மடித்த விளிம்பு இன்னும் கத்தி போல நிற்கிறது. அதைக் கண்களில் ஒற்றிவிட்டு மகளிடம் நீட்டுகிறாள். "ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையேடி உனக்கு. கல்நெஞ்சுக்காரி."

ராவியா வாங்கவில்லை.

"நீயே நல்லாத் தொடச்சுக்கோம்மா. அவன் துப்பின துணிதான்."