மதிலில் குனிந்தவர்

"இப்ப உள்ளதுகளுக்கு ஒரு படம் ஒழுங்கா வரையத் தெரியாது. கேட்டா மாடர்னுன்னு சொல்லி நம்ம வாய அடைச்சிரும்."

பாறசாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, தம்பானூர் சந்துக்குள் வேகமாக வந்த ராஜையன், சபை மதிலின் முன்னால் சட்டென்று நின்றுவிட்டார். நேற்றுவரை வெறுமனே கிடந்த மதில் முழுக்க இன்று படம். வரைந்த ஷிஜி, தரையில் உட்கார்ந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஓவியம் பற்றி ராஜையனுக்குத் தெரிந்ததெல்லாம், மூன்றாம் வகுப்பில் அவர் வரைந்த பசுவைப் பார்த்து வாத்தியார், "கட்டில் நல்லா இருக்கு" என்று பாராட்டியது வரைக்கும்தான். அபிப்பிராயம் சொல்ல அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

"இது யாரு பிள்ளே?"

"இயேசு, பாட்டா."

ராஜையன் மேலும் கீழும் பார்த்தார். படத்தில் கைலி கட்டிய ஒருவர், பஸ் ஸ்டாண்டில் குந்தி உட்கார்ந்து, மூட்டை தூக்கும் ஒரு சுமட்டுத் தொழிலாளியின் காலைப் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கழுவுகிறார். முதுகும் கைகளும் மட்டும்தான் தெரிந்தன.

"முகம் எங்க?"

"காலு கழுவக் குனிஞ்சா முகம் தெரியாதுல்லா பாட்டா."

தான் ஞானஸ்நானம் வாங்கிய ஆள் என்றும், இயேசு எப்படி இருப்பார் என்று தனக்குத் தெரியும் என்றும், தன் வீட்டுக் காலண்டரில் ஆட்டுக்குட்டியோடு அவர் தெளிவாக இருக்கிறார் என்றும் ராஜையன் விளக்கினார். கைலி கட்டிய இயேசு வேதத்தில் எந்த அதிகாரத்திலும் கிடையாது என்றார். எத்தனை அதிகாரம் படித்திருக்கிறீர்கள் என்று நல்லவேளையாக அவள் கேட்கவில்லை.

அவள் கவலை அவளுக்கு. சபைக் கமிட்டி கேட்டது தாடியும் அங்கியுமாக வழக்கமான படம். இவள் தன் ஜெபத்தில் கண்ட கிறிஸ்துவை வரைந்துவிட்டாள். பார்க்கிற ஆளுக்குப் பயபக்தி வரவில்லையென்றால் இன்றைக்கே வெள்ளையடித்துவிடுவோம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. செயலாளர் ஜெயன் கேட்டருகே கைகட்டி நின்று, போகிற வருகிற ஆட்களின் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லும்படி ஷிஜி தாழ்ந்த குரலில் கெஞ்சினாள்.

ராஜையன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். மதிலின் இடது ஓரம்வரை போனார். அங்கே வரிசையாகக் கழுவாத கால்கள் காத்திருந்தன. வலது ஓரத்துக்குப் போனார். அங்கேயும் கால்கள். திரும்பவும் நடுவில் வந்து, குனிந்திருந்த அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஜெயன் முதல்முறையாக வாய் திறந்தார். "என்ன பாட்டா, பாத்தா பக்தி வருகா?"

"ஒரு மண்ணும் வரல. இது இயேசுவே இல்ல."

ஜெயனின் முகத்தைப் பார்க்காமலேயே இதைச் சொல்லிவிட்டு, வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ராஜையன் நடையைக் கட்டினார்.

ஷிஜியின் கண் கலங்கிவிட்டது. வெள்ளையடிக்க ஆளைக் கூப்பிடலாம் என்று அவளே சொன்னாள்.

"வேண்டாம். படம் இருக்கட்டு," என்றார் ஜெயன், போகிறவரை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"அவரு இயேசு இல்லேன்னுல்லா அண்ணே சொல்லிட்டுப் போறாரு?"

"வாயி அப்பிடித்தான் சொல்லும். எத்தனையோ வருஷமா நான் ஏசியும் கேக்காம, பஸ் இறங்கின உடனே இந்த மதிலுலதான் மூத்திரம் பெய்யுத ஆளு அது. இன்னைக்குத்தான் கட்டணக் கழிப்பறை இருக்குத பக்கம் போறாரு."

சந்து முனையில் ராஜையன், முகமே இல்லாத ஒரு இயேசுவை எந்த மடையன் நம்புவான் என்று முணுமுணுத்தபடி, ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்.