மூன்று கிலோ பொய்

பழைய எடை மெஷினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்குவதை, ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றார். அது நின்ற மூலையில் புது டிஜிட்டல் மெஷின் ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"இனிமே ஒரு கிராம்கூட அப்படி இப்படிப் போகாது மாஸ்டர்," என்றார் ஜிம் முதலாளி பெருமையாக. "அந்த ஓட்டை மெஷினை எத்தனை நாளைக்குத்தான் கட்டிக்கிட்டு அழறது?"

அந்த ஓட்டை மெஷினின் அடியில் ஒரு திருகு உண்டு. அதைத் திருகிவிட்டால் ஆள் ஏறுவதற்கு முன்பே முள் நகர்ந்து நிற்கும். ஆறு வாரமாக, சனிக்கிழமை தவறாமல், டைப்பிஸ்ட் வருவதற்குச் சற்று முன் மாஸ்டர் அதைத் திருகி வைத்து, முள் தெரியாதபடி மேலே ஒரு டவலைப் போட்டுவிடுவார்; அவள் ஏறி நின்ற பிறகுதான் அதை எடுப்பார். முதலில் அரைக் கிலோ, அப்புறம் ஒன்று, இப்போது மூன்று. அவள் போனதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். மற்றவர்களிடம் இந்தத் திருட்டு வேலை கிடையாது.

டைப்பிஸ்ட் கோர்ட்டில் வேலை பார்ப்பவள். நாற்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. எழுபத்தாறு கிலோவும் முட்டிவலியுமாக வந்து சேர்ந்தாள். "அறுபத்திரண்டு வந்ததும் நின்னுடுவேன் மாஸ்டர். இதெல்லாம் நமக்கு ஒத்துவராது," என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

வாரத்தில் மூன்று நாள் எடை தூக்க வைத்தார், இரண்டு நாள் ட்ரெட்மில்லில் வேர்க்க விறுவிறுக்க நடக்க வைத்தார். சாப்பாட்டுக் கண்காணிப்புக்குத் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஃபோன். "ரெண்டு முட்டை, ஒரு கப் பயறு, வெள்ளரிக்காய்," என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். முடித்த கையோடு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்பாள்.

மனைவி விட்டுப்போன இந்த ஒன்பது வருஷத்தில் அவரிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அவர் குடியிருந்த ஒற்றை அறையில் டிவியைத் தவிர அவரோடு பேச நாதியில்லை. இன்னும் மூன்றே கிலோ என்று ஆன அன்றுதான் அவர் கை திருகுக்குப் போனது.

"அறுபத்தஞ்சுலயே நிக்குதே மாஸ்டர்?"

"தசை ஏறுது மேடம். கொழுப்பு குறையுது, தசை கூடுது. கணக்கு சரியாப் போயிடுது," என்று கூசாமல் புளுகுவார்.

"அது சரி, இது மேல ஏன் எப்பவும் டவல் கிடக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"தூசி," என்றார். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

இன்று சனிக்கிழமை. புது மெஷினில் திருகும் இல்லை, திருட்டும் நடக்காது. காலையில் அவரே ஏறிப் பார்த்தார், அத்தனை துல்லியம். ஒரே வாரத்தில் மூன்று கிலோ எப்படிக் கரைந்தது என்று அவள் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கேட்காவிட்டாலும் அறுபத்திரண்டு வந்தாகிவிட்டது. நாளை ஏழு மணிக்கு ஃபோன் இருக்காது.

படியில் அவள் ஏறி வரும் சத்தம் கேட்டது. இன்று என்னவோ அடி பலமாக விழுந்தது. தொளதொளவென்று தரையைப் பெருக்கும் ஒரு கால்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"பார்த்துடலாமா மாஸ்டர்?"

அவள் ஏறி நின்றாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். வேறு வழியில்லாமல் திறந்தார்.

அறுபத்தைந்து.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எண் அசையாமல் நின்றது. அவள் இறங்கும்போது கால்சட்டை விளிம்பு மெஷினில் சிக்கி மேலே ஏறியது.

கணுக்காலில் ஒன்றரைக் கிலோ மணல் பட்டை. இன்னொரு காலிலும் ஒன்று. வீட்டில் கால் பயிற்சி செய்ய அவரே கொடுத்தனுப்பியவை.

"மேடம்... இது எதுக்கு?"

அவள் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"புது மெஷின் வைக்கப்போறாங்கன்னு நேத்தே ஜிம்லேருந்து மெசேஜ் வந்துச்சு மாஸ்டர், அதான்."